சூது அதிகாரமும் சுவர்ப்பந்துப் பந்தயமும்

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் 94-ஆவதாக அமைந்துள்ளது. பொருட்பாலில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை ஆகிய இரண்டற்கும் பின்னும் மருந்துக்கு முன்னும் அது நிற்கிறது. இவ்வதிகாரத்தைப் பள்ளியில் கற்பிக்கும்போது, கவறு என்றால் தாயக்கட்டை என்று பொருள் கூறி, தருமன் நாடிழந்த கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாக இருந்து வருகிறது. மாணவரும் அதனைப் பழங்காலத்து மன்னர்க்குரிய செய்தியாகவே எண்ணிப் பொருளெழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். தாயக்கட்டையைக் கண்டறியாத பிள்ளைக்கு, தாயக்கட்டையைத் தொடாதே என்னும் அறிவுரையால் விளையும் பயன் யாது?

சூது மறைந்துவிடவில்லை, அதன் உருவமே மாறியிருக்கிறது. இன்று கைப்பேசியின் வழியே, உலகின் எந்த மூலையில் நடக்கும் எந்த விளையாட்டின்மீதும் பணம் வைக்க முடிகிறது. கால்பந்து, டென்னிஸ் ஆகியவற்றோடு, ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்தும் அவ்வரிசையில் சேர்ந்துள்ளது. இவ்வகைப் பந்தயத்தை ஆதரிப்போர் கூறும் வாதம் ஒன்று உண்டு. "வள்ளுவர் கடிந்தது தாயம் உருட்டுதலை. அது குருட்டு வாய்ப்பு. ஆட்டக்காரரின் ஆற்றலை ஆராய்ந்து, யார் வெல்வார் எனக் கணித்துப் பணம் வைப்பதோ அறிவின் பாற்பட்டது. அதனைச் சூது என்றல் பொருந்தாது" என்பதே அவ்வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும் இவ்வாதத்தைத் திருக்குறளின் துணைகொண்டே ஆராய்தல் வேண்டும்.

அதற்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. பந்தயம் என்னும் சொல் போட்டியையும் குறிக்கிறது; போட்டியின்மேல் வைக்கும் பணத்தையும் குறிக்கிறது. பள்ளியின் ஓட்டப்பந்தயமும் பந்தயமே. பணம் கட்டுவதும் பந்தயமே. சொல் ஒன்றாயிருத்தலால் செயலும் ஒன்றென மயங்குதல் எளிது. எனவே ஈண்டு ஆடப்படுவது போட்டி எனவும், அதன்மேல் பணம் வைத்தல் பந்தயம் எனவும் பிரித்து வழங்கப்படும்.

சிறைச் சுவரில் பிறந்த ஆட்டம்

சுவர்ப்பந்தின் முன்னோடி ராக்கெட்ஸ் என்னும் ஆட்டம். 18-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதவரைச் சிறையிலடைக்கும் வழக்கம் இருந்தது. ஃபிளீட், கிங்ஸ் பெஞ்ச் ஆகிய சிறைகளில் அடைபட்ட கடனாளிகள், பொழுது போக்குவதற்காக உயர்ந்த மதிற்சுவரில் பந்தை மட்டையால் அடித்து ஆடினர். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் கதையிலும் ஃபிளீட் சிறையின் ஆடுகளம் இடம்பெறுகிறது. அவ்வாட்டம் பின்னர் ஆங்கிலேயரின் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஹாரோ பள்ளி மாணவர் மென்மையான பந்தைக் கொண்டு ஆடத் தொடங்கியதிலிருந்து சுவர்ப்பந்து உருவாயிற்று. ஆங்கிலேயர் சென்ற நாடுகளிலெல்லாம் அவர்தம் மன்றங்கள் வாயிலாகவும் படை முகாம்கள் வாயிலாகவும் அது பரவியது.

மலேசியாவில் இவ்வாட்டம் அயலதாக நின்றுவிடவில்லை. பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் 2005-க்கும் 2014-க்கும் இடையில் எட்டு முறை உலக வாகையர் பட்டம் வென்றார்; 2006 முதல் 2015 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல்நிலை வீராங்கனையாகத் திகழ்ந்தார். கெடாவைச் சேர்ந்த சிவசங்கரி, 2022-இல் நேர்ந்த சாலை விபத்தில் கடுங்காயமுற்று மீண்டு, 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சுவர்ப்பந்து முதன்முறையாக இடம்பெற வேண்டுமென 2023-இல் முடிவாயிற்று. இங்ஙனம் புகழ்பெற்ற ஆட்டத்தின்மீது பந்தயக்காரரின் கண்ணும் விழுவது இயல்பே.

கணக்கு கூறும் உண்மை

பிரிட்டன் போன்ற நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இப்பந்தயத்தை நடத்துகின்றன. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டமும், சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உரிமம் இல்லாத பந்தயத்தைத் தடுக்கின்றன. ஆயினும் கைப்பேசிக்கு எல்லைக் கோடு இல்லை.

சுவர்ப்பந்தில் ஆடுவோர் இருவரே. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவர் போட்டியை வெல்கிறார். 11 புள்ளி எடுப்பவர்க்கு ஓர் ஆட்டம். பத்துக்குப் பத்து என நின்றால் இரண்டு புள்ளி முந்துதல் வேண்டும். யார் வெல்வார், எத்தனை ஆட்டங்களில் முடியும், மொத்தம் எத்தனை புள்ளிகள் வரும் என்றெல்லாம் பந்தயம் கட்டலாம். போட்டி தொடங்கிய பின்னரும், அது நடந்துகொண்டிருக்கும்போதே, மாறிவரும் விகிதத்தில் மீண்டும் மீண்டும் கட்டலாம்.

ஏறக்குறையச் சம ஆற்றலுடைய இருவர் மோதும்போது இருவர்க்கும் 1.90 என்னும் விகிதம் அறிவிக்கப்படுகிறது எனக் கொள்க. அதாவது, 100 ரிங்கிட் வைத்து வென்றவர் 190 ரிங்கிட் பெறுவார். இரு தரப்பிலும் ஒவ்வொருவர் 100 ரிங்கிட் வைத்தால் நிறுவனத்திடம் சேர்வது 200. வென்றவர்க்குத் தருவது 190. எஞ்சிய 10 ரிங்கிட், யார் வென்றாலும் நிறுவனத்துக்கே. இனி, ஒரு கூட்டத்தார் 1,000 ரிங்கிட்டுடன் வந்து, தம்மிடமுள்ள முழுத்தொகையையும் ஒவ்வொரு போட்டியிலும் இரு தரப்பிலும் சரிபாதியாக வைப்பதாகக் கொள்வோமானால், முதற் போட்டிக்குப்பின் மிஞ்சுவது 950; இரண்டாவதன்பின் 902.50, பத்தாவது போட்டியின் முடிவில் ஏறக்குறைய 599. கூட்டத்தில் ஒருவர் வென்று மகிழலாம்; கூட்டத்தின் பணமோ வெளியேறிவிட்டது.

இதனை மனத்திற்கொண்டு சூது அதிகாரத்தின் மூன்றாம் குறளை நோக்குக. உருளும் கவற்றை இடைவிடாது கூறி ஆடுவானது பொருள் பிறரிடம் போய்ச் சேரும் என்பது அதன் கருத்து. ஒரு முறை ஆடினால் பொருள் போகும் என்று வள்ளுவர் கூறவில்லை. இடைவிடாமையை ஏதுவாகக் காட்டி, பொருள் தன்னைவிட்டுப் புறத்தே செல்வதை விளைவாகக் காட்டுகிறார். தோல்வியால் மட்டுமன்றி, ஓயாமையாலும் பொருள் கரையும். நொடிக்கு நொடி புதிய விகிதம் காட்டும் கைப்பேசி அந்த ஓயாமையை விற்கும் கடையன்றி வேறில்லை.

திறமையும் சூதினுள் அடங்கும்

இனி, முன்னர்க் கூறிய வாதத்திற்கு வருவோர் அதிகாரத்தின் ஐந்தாம் குறளைப் படித்தல் வேண்டும். செல்வம் இருந்தும் இல்லாதவராய்ப் போனவர் யார் என்பதற்கு வள்ளுவர் விடை கூறுகிறார். கவற்றையும், ஆடும் இடத்தையும், கையையும் செருக்குடன் பற்றிக்கொண்டு விடாதவரே அவர். இங்குக் கை என்பதற்கு, ஆடுதற்கு வேண்டிய கைத்திறன் என்றே பரிமேலழகர் பொருள் கண்டார். சூதில் திறன் உண்டு என்பதை வள்ளுவர் மறுக்கவில்லை. உண்டு என்று எடுத்துக்காட்டியே, அத்திறன்மேற்கொண்ட செருக்கே கேட்டிற்கு வழி என்கிறார்.

"எனக்கு ஆட்டக்காரரைத் தெரியும், இவர் இடக்கையர், இவர் ஐந்தாம் ஆட்டத்தில் களைத்துவிடுவார்" என்று கூறுபவனின் செருக்கும், கவற்றை விரலிடுக்கில் வைத்திருந்தவனின் செருக்கும் ஓரினத்தவை. அவ்வறிவு பொய்யறிவு என்பதன்று; உண்மையாகவே ஆட்டத்தை அறிந்தவர் சிலர் இருக்கக்கூடும். ஆனால் தொடர்ந்து வெல்வோர் வைக்கத்தக்க தொகையைக் குறைத்துவிடுதல் பந்தய நிறுவனங்களிடையே காணப்படும் வழக்கம். அறிவைப் போற்றும் போட்டி இது என்பார், அறிந்தவனுக்குக் கதவை அடைக்கும் இவ்வழக்கத்திற்கு யாது கூறுவர்?

அக்குறளில் ஆடும் இடத்தைக் குறிக்கும் சொல் கழகம் என்பது. இவ்வதிகாரத்தில் அது சூதாடுமிடத்தையே சுட்டுகிறது. இன்றோ அச்சொல் விளையாட்டுக் கழகம், இலக்கியக் கழகம் என நன்மக்கள் கூடுமிடத்துக்கு வழங்குகிறது. சொல் உயர்ந்து வந்த வழியிலேயே பொருள் மீண்டும் இறங்கிச் செல்லுமாயின், விளையாட்டுக் கழகம் என்னும் தொடர் வள்ளுவர் காலத்துப் பொருளையே திரும்பப் பெற்றுவிடும்.

அதிகாரத்தின் முதற் குறள் இவ்வாதத்தை இன்னும் தெளிவாக மறுக்கிறது. வெற்றியே கிடைப்பதாயினும் சூதை விரும்பாதே என்பது வள்ளுவரின் கட்டளை. வாய்ப்பை நம்புவதுதான் குற்றமென்றால், வெல்லத் தெரிந்தவன் ஆடலாம் என்று விலக்களித்திருப்பார். அவர் அங்ஙனம் செய்யவில்லை. வென்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்கிறார். அங்கு இரும்பைக் குறிக்கப் பொன் என்னும் சொல்லையே ஆளுதல் சுவைக்கத்தக்கது. மீனுக்கு இரையாகத் தோன்றியது இரும்பு; ஆடுவானுக்கும் பொன்னாகத் தோன்றுவது இரும்பே. புதிதாய்ச் சேருவோர்க்குச் சில நிறுவனங்கள் முதற் பந்தயத்தை இலவசமாகத் தருகின்றன. இக்குறளுக்கு இதனினும் நல்ல உரை வேண்டுவதில்லை.

கவறாகும் மனிதர்

இதுவரை கூறியது பணம் வைப்பானைப் பற்றியது. ஆடப்படுவானைப் பற்றியும் ஆராய்தல் வேண்டும். தாயக்கட்டைக்கு உயிரில்லை. சுவர்ப்பந்தில் கட்டையின் இடத்தில் இருப்போர் மனிதர்.

உயிரற்ற பொருள்களைக் கொண்டு ஆடுவதையும் உயிருள்ளவற்றைக் கொண்டு பந்தயம் வைப்பதையும் மனு நூலின் ஒன்பதாம் அத்தியாயம் இருவேறு பெயரிட்டுப் பிரிக்கிறது. பிரித்தபின் இரண்டையும் அரசன் தன் நாட்டினின்றும் விலக்க வேண்டும் என ஒருங்கே விதிக்கிறது. எனவே, கட்டையில்லையேல் சூதில்லை என்னும் கூற்று பழைய நூலோர்க்கும் உடன்பாடன்று.

பாரதக் கதையின் சூதாட்டத்தை இந்நோக்கில் மீண்டும் படிக்கலாம். வில்லிபுத்தூரார் பாரதத்திலும், 1912-இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலும் கவறு உருட்டுபவன் சகுனி. எதிர்ப்பக்கத்துப் பணயத்துக்குப் பொறுப்பாளன் துரியோதனன். ஆடும் கை ஒருவனுடையது. வெற்றியின் பயன் மற்றொருவனுக்கு. பிறன் திறமையின்மேல் தன் பொருளை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆதாயம் காண்பவன் துரியோதனன். இன்றைய பந்தயக்காரனின் இடமும் அதுவே.

எதிரில் தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், இறுதியில் பாஞ்சாலியை வைத்தான். தன்னைத் தோற்றவனுக்குத் தன்னைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு அவையில் நேரிய விடை இல்லை. ஒரு மனிதரை அவரது இசைவின்றிப் பலகையில் வைக்கும் உரிமையை யார் தந்தார் என்பதே அக்கேள்வியின் உட்பொருள். பந்தயம் கட்டப்படும் ஆட்டக்காரர் அடிமையாவதில்லை. அவ்வகையில் இரண்டிற்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் தம்மீது எத்தனை பேர் எவ்வளவு வைத்துள்ளனர் என்பதை அவர் அறியார். அதற்கு அவர் இசைவும் கேட்கப்படுவதில்லை. தோற்றவுடன் அவரைத் தேடி வசைமொழி மட்டும் வந்து சேர்கிறது. டென்னிஸ் ஆட்டக்காரர்க்கு 2024-இல் இணையத்தில் அனுப்பப்பட்ட வசைகளை ஆராய்ந்தோர், அவற்றுள் 40 விழுக்காடு பணமிழந்த பந்தயக்காரரிடமிருந்து வந்தவை எனக் கண்டனர். தாயக்கட்டையைச் சினந்து எறிபவனும் உண்டு, கட்டைக்கு வலிப்பதில்லை.

2024-இல் இலண்டனில் சிவசங்கரி, எகிப்து நாட்டின் ஹனியா எல் ஹம்மாமியை ஐந்து ஆட்டங்கள் நீண்ட இறுதிப் போட்டியில் வென்றார். விபத்தில் வீழ்ந்தவர் எழுந்து வந்து வென்ற அக்காட்சி காண்பார்க்கு ஊக்கம் தருவது. எதிர்ப்புறம் பணம் வைத்தவனுக்கோ அது தவறி விழுந்த தாயம். ஒரே நிகழ்ச்சி ஒருவனுக்கு மனித முயற்சியின் பெருமையாகவும் மற்றொருவனுக்கு நட்டமாகவும் தோன்றுமாயின், பின்னவன் போட்டியைக் காணவேயில்லை எனலாம்.

நளன் கதை கூறுவது

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நளன் சூதில் நாட்டை இழந்தான். பின்னர் இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்று, சூதிலேயே நாட்டை மீட்டான். அறிந்து ஆடினால் வெல்லலாம் என்பதற்கு இது சான்றன்றோ என்று வினவலாம்.

புகழேந்திப் புலவர் நளவெண்பாவைச் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்றாக வகுத்துள்ளார். இறுதிக் காண்டத்துக்கு நாடு மீட்ட காண்டம் என்று பெயரில்லை. கலி நீங்கியதே அதன் மையம். நாடு திரும்பியது அதன் விளைவு. மேலும், எல்லாம் இழந்த நிலையில் மனைவியைப் பணயம் வைக்குமாறு கேட்டபோது, இனி ஆட்டம் இல்லை என்று நளன் எழுந்துவிட்டான். தருமன் நில்லாத இடத்தில் நளன் நின்றான். பொருளை வைத்தான், மனிதரை வைக்க மறுத்தான். நளனைத் துணைக்கழைப்போர் அவன் கற்ற வித்தையைக் காட்டுகின்றனரேயன்றி அவன் எழுந்த இடத்தைக் காட்டுவதில்லை.

ஐயம் என்னும் கேடு

சூது பொருளைக் கெடுத்து, பொய்யை மேற்கொள்ளச் செய்து, அருளைக் கெடுத்து, துன்பத்தில் ஆழ்த்தும் என்பது எட்டாம் குறளின் கருத்து. இவற்றுள் பொய் என்பது விளையாட்டுக்குப் பெரும்பகை.

கால்பந்தில் ஓர் அணியை வளைக்கப் பலரை வளைத்தல் வேண்டும். சுவர்ப்பந்தில் ஒருவர் போதும். முன்சுவரின் அடியில் உள்ள தகட்டில் பந்து பட்டால் புள்ளி போயிற்று. களைப்பினால் பட்டதா, வேண்டுமென்றே படவிட்டதா என்பதை நடுவரும் அறிதல் அரிது. முதல்நிலை வீரர்க்குப் பரிசு மிகுதி. கீழ்நிலைப் போட்டிகளிலோ மொத்தப் பரிசுத் தொகையே சில ஆயிரம் அமெரிக்க டாலர். பயணச் செலவுக்கும் போதாத அவ்வருவாயில் ஆடும் இளைஞரை நாடிப் பணத்துடன் ஒருவன் வருவானாயின், அவர் நிலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இது வெற்றச்சமன்று. 1994-இல் வெளிப்பட்ட கையூட்டு ஊழல் மலேசியக் கால்பந்தைப் பல்லாண்டு தலைகுனியச் செய்தது. 2018-இல் பூப்பந்துத் துறையில் மலேசிய வீரர் இருவர் ஊழலுக்காக முறையே 20 ஆண்டும் 15 ஆண்டும் தடைசெய்யப்பட்டனர். இத்தகைய நிகழ்ச்சிகளின் கேடு தண்டனையோடு முடிவதில்லை. அதன்பின் நேர்மையாகத் தோற்றவனையும் உலகம் ஐயுறும். தோல்வியை மதிக்கத் தெரியாத இடத்தில் வெற்றிக்கும் மதிப்பில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

விளையாட்டையே வெறுக்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்தன்று. கல்லாமை அதிகாரத்தில், நிறைந்த நூலறிவின்றிப் பேசுவதை, கட்டம் கீறாமல் வட்டாடுதற்கு ஒப்பிடுகிறார். ஆட்டத்துக்கும் ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கின்றி ஆட்டம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே அவ்வுவமையைப் படைக்கிறார். ஆட்டத்தை உவமையாக்கிய அதே புலவர் சூதைத் தனி அதிகாரமாக வைத்துக் கடிந்தார் என்பதிலிருந்தே இரண்டும் வேறு என்பது தெளிவு.

ஆதலின் இவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் தாயக்கட்டையோடு நின்றுவிடலாகாது. 1.90 என்னும் விகிதத்தைக் கரும்பலகையில் எழுதி, 1,000 ரிங்கிட் எங்ஙனம் 599 ஆகிறது என்பதை மாணவரைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். சம்பளம் வாங்கிய மாலையிலேயே அதனைக் கைப்பேசியில் கரைத்துவிட்ட வீட்டின் அடுக்களையில் என்ன நடக்கும் என்று கேட்கலாம்; பிள்ளைகள் சிலர்க்கு விடை முன்னரே தெரிந்திருக்கும். இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் மிகும், துன்பம் மிக மிக உயிர் உடலைக் காதலிப்பது போல என்னும் இறுதிக் குறளை அதன்பின் சொன்னால், அதற்குப் பதவுரை தேவைப்படாது.

பின்னர் அப்பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று ஆடவிடுதல் வேண்டும். கடனாளிகள் சிறைச் சுவரில் பந்தடித்தது பொழுது போக்குவதற்காகவே. ஆட்டத்தின் இன்பம் பணமின்றியே நிறைவுடையது என்பதை ஆடியறிந்த பிள்ளைக்கு, அதன்மேல் பணம் வைக்கவேண்டிய தேவை தோன்றாது.